கொசுவுக்கு இரண்டு பிறந்தநாள்

ஜனவரி 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இன்னும் ஆகவில்லை, தெரியும். வாய் பழகட்டும் என்றுதான் இப்போதே கூப்பிடுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் இருமல். பெண்டாட்டி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்றுதான் பேர், மனிதரை ஒரு மாத்திரை விழுங்கவைக்க முடியவில்லை. "தானா வந்தது தானா போகும்" என்கிறார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். போனை எடுத்தால் அவர் வந்து பக்கத்தில் நிற்கிறார், மகள் கொசுவோ என் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். அவளைப் பற்றி அவள் காதில் விழாமல் பேச வீட்டில் இடம் இல்லை. கடையில் மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் பில் புத்தகத்துக்குப் பின்னால் வைத்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் விடுமுறையில் நீ வந்திருந்தபோது கொசுவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, கட்டைகள், படங்கள், ஒரு கடிகாரம் எல்லாம் பரப்பி இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாய். "பயிற்சிக்குத்தான் அண்ணி. பள்ளி உளவியல்ல முனைவர் பட்டம்னா சும்மாவா, முப்பது பிள்ளைங்களுக்கு இந்தச் சோதனையை வெச்சுப் பழகணும்" என்றாய். நானும் பக்கத்து வீட்டுக்கு இட்லித்தட்டு இரவல் கொடுப்பதுபோல் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் சமையலறை வாசலில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் உன் முகம் ஒரே மாதிரி இருந்தது. எனக்குப் பயம் அப்போதே பிடித்துவிட்டது.

நேற்று அவளுடைய வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதில்லையாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். "உங்க நாத்தனார் இதைத்தானே படிக்கிறாங்க, அவங்களைக் கேளுங்களேன்" என்றார். உன் அண்ணன் கேட்காதே என்கிறார். "அது அவ பரீட்சை, கொசுவோட பரீட்சை இல்ல" என்கிறார். நான் கேட்கிறேன். அன்றைக்கு என்ன வந்தது?

உன் அண்ணி

*

ஜனவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். பயிற்சிக்காக வைத்த சோதனையின் முடிவை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். இன்னும் கை பழகாதவர்கள் வைக்கும் சோதனை அது, பாதி தப்பாக இருக்கும். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பேர் தராசு. இந்த விஷயத்தில் அந்தத் தராசு இம்மியும் அசையாது.

ஆனால் கேட்டது நீங்கள். நான் இங்கே மாணவர் விடுதியில் ஒரு ஜன்னலும் ஒரு மேசையும் உள்ள அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆலோசனை எழுதுகிறேன். சொந்த அண்ணன் மகளுக்கு வாய் திறக்க மாட்டேன் என்றால் இந்தப் படிப்பு எதற்கு என்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நன்றாக வரவில்லை, அண்ணி. அவள் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கீழேதான் நிற்கிறாள். கட்டை அடுக்குவதிலும் சொற்களிலும் ரொம்பக் கீழே. மெதுவாகக் கற்கும் பிள்ளை என்று நாங்கள் சொல்லும் வரம்புக்குள் வருகிறாள். நோய் இல்லை, குறை என்றும் சொல்ல மாட்டேன். பெரிய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரோடு அவளால் ஓட முடியாது, அவ்வளவுதான். பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கும் சிறுவகுப்பு ஒன்று இருக்கிறதே, அங்கே மாற்றினால் நல்லது.

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் அந்தப் பள்ளி அலுவலகத்தில் நாலு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள், என் கையெழுத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். தராசுக்குத் தெரியவேண்டாம்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். "ஆராய்ச்சி பண்றவங்களே எழுதியிருக்காங்க, அப்புறம் என்ன" என்று அடுத்த திங்களே மாற்றிவிட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டரை வருடமாக என் தொழில் அதுதானே. டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுப்பேன், எழுதியது சரியா என்று கேட்டுப் பழக்கம் இல்லை.

சிறுவகுப்பு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முன்பு அங்கே பழைய பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்தார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியை நல்ல பெண், அதட்டுவதில்லை. முதல் நாலு நாள் கொசு அழுதாள். ஐந்தாம் நாள் அழவில்லை. இப்போது அந்த வகுப்பில் முதலாவதாக எழுதி முடிப்பது அவள்தான், நோட்டில் நட்சத்திரம் வாங்கி வருகிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அதுதான் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுச் சட்டைக்குப் பொத்தான் போடச் சொன்னேன். "எனக்கு வராதும்மா, நான் மெதுவான பிள்ளை. அத்தை சொல்லிட்டாங்கல்ல" என்றாள். போன மாதம்வரை அவளேதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சுவரெல்லாம் காது.

உன் அண்ணன் கத்தவில்லை, திட்டவில்லை. இருமலும் நின்றுவிட்டது. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், உன் பேர் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்.

நேற்று முன்தினம் வீட்டுப் பிறந்தநாள் கொண்டாடினோம். ஏழு மெழுகுவத்தி. உன் புண்ணியத்தில் அவளுக்கு இரண்டு பிறந்தநாள், பள்ளிப் பிறந்தநாளுக்கு ஜூன் மாதம் வகுப்பில் மிட்டாய் கொடுக்கவேண்டும். "பள்ளிக்கூடத்துல எனக்கு ஏழே முக்கால் ஆகப்போகுது, வீட்டுல ஏழுதான்" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். மெதுவான பிள்ளை போடுகிற கணக்கா இது என்று நினைத்தேன். நீதான் படித்தவள், நீ சொல்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். கடையில் கூட்டம் இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஏழு மெழுகுவத்தி என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீரோவைத் திறந்து கொசுவின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பிறந்த தேதி என்ற இடத்தில் ஜூன் 2 என்று, அவள் பிறந்ததற்கு முந்தின வருடத்தைப் போட்டு, என் கையால் எழுதியிருக்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள். பெற்றோர் தேதியை மறந்து சொல்லிவிடுவார்கள், அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் பள்ளி ஆவணத்தைப் பார்த்து எழுது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அவளுடைய மதிப்பெண் அட்டையை மேசையில் வைத்து, அதைப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். அந்த அட்டையில் உள்ள தேதியே பொய், அந்தப் பொய்யைச் சொன்னதே நான் என்பது அந்த நிமிடம் என் மண்டையில் உறைக்கவில்லை. உங்களுக்குக் கடையில் வேலை கிடைத்த வருடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவளுக்கு நாலேகால் வயது. ஐந்து நிரம்பாமல் முதல் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள். "எட்டரை மாசம்தானே அண்ணி, கூட்டிப் போட்டுக்கலாம்" என்று நான்தான் படிவத்தை நிரப்பி அண்ணனிடம் கையெழுத்து வாங்கினேன். வேலையை விட்டு இந்தப் படிப்புக்கு வருமுன் நான் கடைசியாக நிரப்பிய படிவம் அது.

சோதனையில் எத்தனை சரி என்பதை வைத்து மட்டும் முடிவு சொல்ல மாட்டோம். அதே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு சொல்வார்கள் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு பக்கம். ஏழு நிரம்பாத பிள்ளையை நான் ஏழரை வயதுப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்று சரியான பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் வருகிறாள், அண்ணி. சாதாரணமாக, எல்லாப் பிள்ளைகளையும் போல. பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து திணறியிருக்கிறாள், வேறு ஒன்றும் இல்லை.

நியாயமாக இன்றே தலைமையாசிரியைக்கு எழுதவேண்டும். எழுதினால் அவர் பல்கலைக்கழகத்தைக் கேட்பார். முடிவைச் சொன்னது, சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்குக் கடிதம் கொடுத்தது, பொய்த் தேதி, எல்லாம் வெளியே வரும். ஏப்ரல் பத்தாம் தேதி எனக்கு வாய்மொழித் தேர்வு. இன்னும் ஆறு வாரம். அது முடிந்த மறுநாள் நானே வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை பொறுப்பீர்களா? கேட்பது எனக்கே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நாத்தனார்

*

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் சந்தோஷப்பட்டேன். என் பிள்ளை சாதாரணம் என்று படித்ததும், கடையில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் அழுதேன். வந்தவர் தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கும் ஒண்ணு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பக்கத்தில் நீ ஆறு வாரம் என்று எழுதியிருந்தாய். இரண்டையும் ஒரே கையா எழுதியது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன வருடம் ஒரு தாத்தாவுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் மூன்று தெரு ஓடி அவர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கி வந்தேன். முதலாளி என்ன சொல்வார், வேலை இருக்குமா என்றெல்லாம் ஓடும்போது தோன்றவில்லை. நான் உன்னைவிட நல்லவள் என்று சொல்லவரவில்லை. மாத்திரை என்றால் ஓடவேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏனென்றால் எனக்கும் புத்தி குழம்பிக் கிடக்கிறது. அவளைப் பழையபடி மூன்றாம் வகுப்பில் போட்டால் மறுபடியும் கடைசிப் பிள்ளை. சரியான வயதைச் சொன்னால் இரண்டாம் வகுப்புக்கு இறக்குவார்கள். அங்கேயே விட்டால் நட்சத்திரம் வாங்குவாள், பொத்தான் போட மாட்டாள். பொய்த் தேதியில் கையெழுத்துப் போட்டது உன் அண்ணன், பக்கத்தில் நின்று பேனா எடுத்துக் கொடுத்தது நான். உன்னை மட்டும் எப்படித் திட்டுவது? திட்டாமலும் இருக்க முடியவில்லை.

உன் அண்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம், "அவ படிச்சு வர எத்தனை வருஷம் ஆச்சு" என்று கேட்டார். சொன்னேன். "கொசுவுக்கு ஏழு வருஷம்தான் ஆச்சு" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்கவில்லை. நீயே பார்த்து முடிவு பண்ணு.

அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு நாள் தராசின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். முதல் நாள் உள்ளே ஆள் இருந்தது. இரண்டாம் நாள் ஆள் இல்லை. அப்போதும் திரும்பிவிட்டேன். என்னோடு படிக்கும் பெண், "காய்ச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தேர்வு முடியாமல் நான் வெளியே போனால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? முடித்துவிட்டு வந்து சொன்னால் தலைமையாசிரியை கேட்பார் அல்லவா? இதை எழுதும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. படித்துப் பார்த்தால் சகிக்கவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு தாயிடம் முக்கால் மணி நேரம் ஆறுதலாகப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று மேற்பார்வையாளர் குறிப்பு எழுதினார்.

கொசுவிடம் போனைக் கொடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். பாத்ரூமில் இருக்கிறாள் என்றீர்கள். பக்கத்தில் அவள் குரல் கேட்டது. "அத்தை கேள்வி கேப்பாங்க, நான் வரல" என்றாள்.

நாத்தனார்

*

மார்ச் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

இன்று காலை பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். வயதைக் கூட்டிப் போட்டது நாங்கள், என் வேலைக்காகச் செய்தோம், நாத்தனாருக்கு அதெல்லாம் தெரியாது, நாங்கள் கொடுத்த தேதியை நம்பித்தான் அவள் தப்பான முடிவு எழுதினாள் என்று எழுதினேன். ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சான்றிதழையும் வைத்தேன். உன் அண்ணன் கூடவே வந்தார், கையெழுத்துப் போட்டார், வெளியே வந்து சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியையின் மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உன் தேர்வை நீ முடி. உன்மேல் ஒரு சொல் விழாது. உன்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைக்காதே. உனக்காகக் காத்திருந்தால் உன்னை வெறுக்கத் தொடங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது, அதனால் செய்தேன்.

தேர்வு முடிந்ததும் உடனே இங்கே வரவேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.

அண்ணி

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். இன்று காலை கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். தட்டினால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். தராசு எல்லாவற்றையும் கேட்டார். விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் தப்பாகப் போட்ட எண், அப்புறம் சரியாகப் போட்ட எண், இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். "ரெண்டாவது சரியானது மேடம்" என்றேன். "அத்தை வெச்ச சோதனை, அம்மா வாசல்ல நிக்கறாங்க, வெச்சவங்களுக்கு இன்னும் கை பழகல. இதுல எது சரி? ரெண்டும் குப்பைக்குத்தான்" என்றார்.

அதனால் நான் உங்களுக்குக் கொடுத்த நல்ல செய்தியும் செய்தி இல்லை, அண்ணி. அவள் நடுவில் வருகிறாள் என்று நான் சொன்னதையும் நம்பாதீர்கள். நம்பவேண்டாம் என்று எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

யாரையாவது வைத்து மறுபடி சோதிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதுவும் கூடாதாம். கேள்விகள் அவள் மனதில் இருக்கும், உடனே வைத்தால் முடிவு பொய்யாகிவிடும். குறைந்தது ஒரு வருடம் போகவேண்டும்.

என் தேர்வு தள்ளிப்போகிறது. பள்ளிகளுக்குப் போகும் பயிற்சியை ஒரு வருடம் நிறுத்தியிருக்கிறார்கள். படிப்பை விட்டே நீக்குவார்களா என்பதை ஒரு குழு கூடி முடிவு செய்யும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நன்னெறிப் பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியைக்கு நானே எழுதி இன்றைய தபாலில் போட்டுவிட்டேன். தேதியை மாற்றியது நான், அண்ணனும் அண்ணியும் நான் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பயமாக இருக்கிறது.

நாத்தனார்

*

மார்ச் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, நீ எழுதியதையும் நான் எழுதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் உனக்கு ஒன்றும் தெரியாது, இன்னொன்றில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு வீட்டுல ஒருத்தராவது உண்மை சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு பேரும் சேர்ந்துதாங்க பண்ணோம்" என்றார். இத்தனை மாதத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம் அது. தலைமையாசிரியை, அன்று அவர் விட்டுவிட்டு வந்த பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினார். அபராதம் உண்டு, மேலிடத்துக்கும் எழுதவேண்டும் என்றார். எழுதட்டும்.

கொசு அடுத்த வாரத்திலிருந்து இரண்டாம் வகுப்பில், அவள் வயதுப் பிள்ளைகளோடு. சரியா தப்பா எனக்குத் தெரியாது. "நான் மூணுல இருந்து சின்னதுக்குப் போயி, இப்ப ரெண்டுக்கு வந்தா, ஏறுறேனா இறங்குறேனா?" என்று கேட்டாள். பக்கவாட்டில் போகிறாய் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

நீ கொடுத்த நல்ல எண்ணைத் திருப்பி வாங்கிக்கொண்டதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்று இரண்டு நாள் நினைத்தேன். கெட்ட எண்ணை நம்பியவளுக்கு நல்ல எண்ணை நம்ப உரிமை இல்லையா? அப்புறம் விட்டுவிட்டேன். கோபமும் போகவில்லை. போகும்போது சொல்கிறேன், அதுவரை இருக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உன் அண்ணன் நேற்று, "அவளுக்கு அந்த விடுதியில சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

இன்று காலை கொசுவுக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னேன். இனி ஒரு வருடத்துக்கு உன்னை யாரும் மேசையில் உட்காரவைத்துக் கட்டை அடுக்கச் சொல்ல மாட்டார்கள், எவ்வளவு தெரியும் என்று பார்க்க மாட்டார்கள், யாருக்கும் அனுமதி இல்லை என்றேன்.

"அத்தைக்கும் இல்லையா?"

"அத்தைக்கும் இல்ல."

"வந்தாக்கூடக் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அப்ப வரச் சொல்லு" என்றாள்.

உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன். வந்தால் காப்பாற்று.

உன் அண்ணி